ஊசி போடும் புதன்கிழமையிலேயே தொடங்குங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், சுகாதாரம், குழந்தை வளர்ச்சி, மாற்றுத்திறனாளிகள் நலம், பள்ளிக்கல்வி ஆகிய துறைகளின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

வளர்ச்சியில் பின்தங்கிய சின்னக் குழந்தைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் அன்றாடம் வேலை செய்கிறவர்கள் நாங்கள். பிசியோதெரபிஸ்ட்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், சிறப்பாசிரியர்கள் எல்லாரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். ஒரு குழந்தையின் குறை யாராவது ஒருவர் கண்ணில் படும் நாளுக்கும், அந்தக் குழந்தைக்கு முதல் தெரபி கிடைக்கும் நாளுக்கும் நடுவே மாதக்கணக்கில் காலம் போய்விடுகிறது. மூளை வேகமாக வளர்கிற முதல் மூன்று வயதுக்குள்தான் அந்த மாதங்களும் வருகின்றன. அவற்றைச் சுருக்கித் தாருங்கள். இதற்குப் பெரும்பாலும் புதுக் கட்டடமோ புதுத் திட்டமோ வேண்டியதில்லை. ஆட்கள் தனித்தனித் துறைகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கோத்துவிடும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில், கண்டுபிடிக்கும் இடம். குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் மத்திய அரசுத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் போகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த வயதில் கண்டுபிடித்தால் அதிகப் பலன் கிடைக்குமோ, அந்த வயதுக் குழந்தை பால்வாடிக்கு வருவதே இல்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் தூளியில் கிடக்கும், இல்லையென்றால் அம்மாவோடு செங்கல் சூளையிலோ பெங்களூரில் கட்டட வேலை நடக்கும் இடத்திலோ இருக்கும். அப்படிப்பட்ட குடும்பமும் தடுப்பூசிக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. அதனால் புதன்கிழமை ஊசி முகாமையே வளர்ச்சிப் பரிசோதனைக்கும் நாளாக்குங்கள். எல்லா ஊசிக்கும் செய்ய வேண்டாம், மூன்று ஊசிக்குப் போதும்.

14-வது வார ஊசிக்கு வரும்போது குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறதா, சிவப்பு நூல் உருண்டையைக் கண்ணால் தொடர்கிறதா, தோளில் தூக்கினால் தலை ஓரளவு நிற்கிறதா, கட்டை விரலை உள்ளே மடக்கி எப்போதும் முஷ்டி பிடித்தபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 9 மாதம் முடிந்து போடும் ஊசியின்போது பிடிமானம் இல்லாமல் உட்காருகிறதா, ஒரு கைப் பொருளை மறு கைக்கு மாற்றுகிறதா, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்புகிறதா என்று பார்க்கலாம். மூன்றாவது, 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் ஊசி. நடக்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, அர்த்தத்தோடு ஓரிரு சொல் வந்திருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். ஆட்டிசத்துக்கான எம்-சாட் என்னும் 20 கேள்விப் பட்டியல் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. இந்த ஊசியின் வயதும் அதுவும் சரியாகப் பொருந்துகின்றன.

கருவி என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய வளர்ச்சி அட்டவணை ஒரே தாளில் அடங்கும். இரண்டு வயது வரைக்கும் அதில் 17 செயல்கள்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. குழந்தையின் மாத வயதில் ஒரு பென்சிலை நெட்டாக வைத்தால், பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன கோடுகளுக்குரிய செயல்களையெல்லாம் குழந்தை செய்ய வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேலே, அதாவது மாவட்டத் தலைநகரில் தெரபி தரும் மையத்துக்கு, அனுப்ப வேண்டும். பழகிய கைக்கு ஐந்து நிமிட வேலை. இதில் நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, குழந்தையைப் பார்க்காமல் "எல்லாம் நல்லா பண்றானாம்மா?" என்று கேட்டுவிட்டு டிக் அடிப்பது. இன்னொன்று, குறைமாதக் கணக்கை விட்டுவிடுவது. 32 வாரத்தில் பிறந்த குழந்தை என்றால் இரண்டு வயது வரை எட்டு வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். கழிக்காவிட்டால் நல்ல குழந்தைக்கும் குறை இருப்பதாகத் தெரியும், தாய் பயந்துபோவாள்.

14 வாரம் வரை காத்திருக்கக் கூடாத பரிசோதனைகளும் உண்டு. 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும், அந்த நாள் போனால் பார்வையே போகலாம். காது கேட்கும் பரிசோதனை ஒரு மாதத்துக்குள், குறை உறுதியாவது மூன்று மாதத்துக்குள், கருவியும் பயிற்சியும் ஆறு மாதத்துக்குள் என்பது உலகம் முழுக்க ஏற்ற கணக்கு. தைராய்டு குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெருமளவு காப்பாற்றப்படும். பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இந்த மூன்றுக்கும் தேதி எழுதாமல் யாரையும் அனுப்பக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாலு முதல் பத்து மாதக் குழந்தை, தூங்கி எழுந்ததும் தலையைச் சட்டென்று குனிந்து, இரு கையையும் விரித்து, திடுக்கிட்டது போலச் செய்யும். ஒரு முறையோடு நிற்காது, சில நொடி இடைவெளி விட்டு அடுக்கடுக்காக வரும். வீட்டில் "பயந்துடுச்சு" என்று மந்திரிக்கக் கொண்டு போவார்கள், இல்லையென்றால் வயிற்று வலி என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். இது ஒரு வகை வலிப்பு. சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும், குழந்தை அதுவரை கற்றதையும் அழித்துக்கொண்டு போகும். செல்போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் எல்லாருக்கும் இந்த வலிப்பின் வீடியோவை ஒரு முறை போட்டுக் காட்டினாலே போதும், பிறகு மறக்க மாட்டார்கள்.

இனி, மேலே அனுப்புவது. இப்போது தாயின் கையில் ஒரு சீட்டு தரப்படுகிறது. எந்தக் கிழமை, எந்த அறை, யாரைப் பார்ப்பது என்று அதில் இருக்காது. சித்தேரி மலையிலிருந்து அரூர் இறங்கி, அங்கிருந்து தருமபுரிக்குப் பஸ் பிடித்து வருகிறவருக்கும், அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி வருகிறவருக்கும் ஒரு நாள் முழுக்கக் கூலி போகும். அன்று பேச்சுப் பயிற்சியாளர் விடுப்பு என்று தெரிந்தால் அடுத்த முறை வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சீட்டில் தேதி, அறை எண், பார்க்க வேண்டியவரின் பணிப்பெயர் மூன்றும் இருக்கட்டும். அந்தத் தேதி இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். முதல் நாளே செவிலியர் போன் செய்து நினைவூட்டட்டும். வராதவர்கள் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் நீங்களே கேளுங்கள். எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தோம் என்ற எண்ணிக்கை எங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. அனுப்பியதில் எத்தனை பேர் தெரபியில் உட்கார்ந்தார்கள் என்பதைக் கேளுங்கள். பயிற்சியாளர் பணியிடம் காலியாக இருந்தால் அதையும் மறைக்காமல் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

சான்றிதழைப் பற்றி. யூடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், அதை வைத்துக் கிடைக்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாயும் குடும்பங்களுக்குத் தேவை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "அட்டை வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று தெரபி அறையிலிருந்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அறிவுசார் குறைபாட்டுச் சான்று தருவதே இல்லை. ஐந்து வயது வரை வளர்ச்சித் தாமதம் என்றுதான் எழுதுகிறார்கள். அப்படியானால் எந்த வயதில் சிகிச்சை அதிகம் பலிக்குமோ, அந்த வயதில் கையில் காகிதம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சந்தேகம் என்ற நிலையிலேயே பயிற்சி தொடங்கலாம். தேவையில்லாத குழந்தைக்கு நாலு மாதம் விளையாட்டுப் பயிற்சி தந்துவிட்டால் ஒரு நட்டமும் இல்லை. தேவைப்பட்ட குழந்தையைக் காக்க வைத்தால் அந்த நட்டத்தை யாராலும் ஈடுகட்ட முடியாது.

தெரபி வட்டாரத்துக்கே வர வேண்டும் என்பது எங்கள் அடுத்த கோரிக்கை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட்கள் இன்று வீடு வீடாகப் போகிறார்கள், பெரும்பாலும் முதியோருக்கு. அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளைக் குழந்தைகளுக்கென ஒதுக்குங்கள். குழந்தைகளைக் கையாள்வது வேறு வித்தை, அதற்கு மாவட்ட மையத்தில் முதலில் பயிற்சி கொடுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். இந்த இருவரும் ஒரே நாளில், ஒரே அறையில் இருந்தால் தாய் ஒரு பஸ் பயணத்தில் இரண்டு பேரையும் பார்த்துவிடுவாள். முக்கால் மணி நேரம் போதும். அதில் பாதி நேரமாவது தாயின் கையில் குழந்தை இருக்க வேண்டும், நாங்கள் பக்கத்தில் இருந்து திருத்த வேண்டும். தாய் வேலைக்குப் போகிறவளானால் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் கூட்டி வரச் சொல்லுங்கள். வீட்டில் முடிவெடுப்பவர் பல நேரம் அவர்தான்.

பன்னிரண்டு பயிற்சிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் வீட்டில் ஒன்றுகூட நடக்காது. மூன்றுக்கு மேல் சொல்லக் கூடாது, அந்த மூன்றும் அன்றாட வேலைக்குள்ளேயே அடங்க வேண்டும். கால் இரண்டும் கத்தரிக்கோல் போல விறைத்துக் குறுக்கே போகும் குழந்தையைக் கைக்குழந்தை மாதிரி படுக்க வைத்துத் தூக்காமல், நம் பெண்கள் வழக்கமாகத் தூக்குவது போல இடுப்பில் காலை அகட்டி உட்கார வைத்துத் தூக்கினால் அதுவே ஒரு பயிற்சி. தூளியில் நாள் முழுக்கக் கிடக்கும் பிள்ளைக்கு உடம்பைத் திருப்ப இடமே இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாயில் குப்புறப் போட்டுப் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும்.

சோறூட்டுவதில்தான் அதிக ஆபத்து. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, தலையை அண்ணாந்து பிடித்து, பாலாடையால் தண்ணீர் போன்ற கஞ்சியைப் புகட்டுவது எங்கும் நடக்கிறது. அது நுரையீரலுக்குள் இறங்குகிறது. அடிக்கடி சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். முதுகு நிமிர உட்கார வைத்து, முகவாய் லேசாக மார்புப் பக்கம் தாழ்ந்திருக்க, தட்டையான சின்ன ஸ்பூனில், நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி வைக்க வேண்டும். மேல் பல்லில் வழித்துவிடக் கூடாது. முன் வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். நம் ஊர்க் கேழ்வரகுக் கூழே இதற்கு ஏற்றது, ஆனால் குடிக்கும் பதத்தில் வேண்டாம், ஸ்பூனைச் சாய்த்தால் சொட்டாமல் மெதுவாக நழுவும் கெட்டியில் இருக்க வேண்டும். ஊட்டி முடித்ததும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. ஊட்டும்போது இருமினாலோ, பிறகு குரல் கரகரத்தாலோ பேச்சுப் பயிற்சியாளர் பார்த்தே ஆக வேண்டும். அங்கன்வாடியில் சத்துமாவு தரும் நாளில் இதைச் செய்து காட்டலாம்.

காது கருவி தந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். கைக்குழந்தையின் காது வளர்ந்துகொண்டே போகும், கருவியைக் காதுக்குள் பொருத்தும் அச்சு இரண்டு மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும். தளர்ந்ததும் கருவி கீச்சென்று கத்தும். தாய் ஒலியைக் குறைப்பாள், அப்புறம் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவாள். கோப்பில் "பயன்படுத்தவில்லை" என்று ஏறிவிடும். அச்சை மாற்றிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். இப்படி அலமாரியில் போன மாதங்கள் அந்த வயதையும் தின்றுவிடும். அச்சு எடுக்கும் வசதி ஓசூரிலும் அரூரிலும் மாதம் ஒரு நாளாவது வேண்டும்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் நிறைய. அவர்களிடம் தமிழில் கேட்டுவிட்டுப் பேச்சு வரவில்லை என்று எழுதுவது பிழை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகிறது என்று சொல்லி வீட்டு மொழியை விடச் சொல்வது அதைவிடப் பெரிய பிழை. தாய் எந்த மொழியில் கொஞ்சுகிறாளோ அந்த மொழியில் பயிற்சி இருக்கட்டும்.

வேலை தேடி வெளியூர் போகும் குடும்பங்களுக்கு ஓர் அட்டை கொடுங்கள். நோயின் பெயர், மாத்திரையின் பெயரும் அளவும், கடைசியாகச் செய்த பயிற்சி, அடுத்த தேதி, ஒரு போன் எண், இவ்வளவும் அதில் இருந்தால் போதும். வலிப்பு மாத்திரையை மட்டும் இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்து அனுப்ப மருத்துவர்களுக்கு அனுமதி வேண்டும். தீர்ந்துபோய்த் திடீரென்று நின்றால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும்.

இரு மாவட்டத்திலும் முதலில் இரண்டிரண்டு வட்டாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மலைப்பகுதியாக இருக்கட்டும். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் அட்டவணைத் தாள், ஒரு கிலுகிலுப்பை, ஒரு சிவப்பு நூல் உருண்டை, நாலு மரக்கட்டைகள், ஒரு பாய் கொடுங்கள். செவிலியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும், அதை நாங்களே வந்து தருகிறோம். முதல் நான்கு புதன்கிழமைகள் ஊசி போடும் இடத்தில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து குழந்தைகளைப் பார்க்கவும் தயாராக இருக்கிறோம். எந்த வட்டாரம், எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குழந்தை வளர்ச்சிப் பணியில் உள்ளோர்