உதவிப் பட்டியலில் அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலியல் வன்முறைக்கும் வீட்டு வன்முறைக்கும் ஆளானவர்கள் எங்கே ஆலோசனை பெறலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தேவையான விவரங்கள் தெளிவாக இருந்தன, நன்றி. ஆனால் வளர்ந்த ஆண்களுக்கோ, தங்களை ஆண் என்றோ பெண் என்றோ வரையறுத்துக்கொள்ளாத நான்-பைனரி மனிதர்களுக்கோ அதில் ஒரு வரிகூட இல்லை. தொலைபேசி ஆலோசனைச் சேவை ஒன்றில் இரவு அழைப்புகளை எடுக்கும் தன்னார்வலன் நான். அந்த ஒரு வரி இல்லாததால் என்ன ஆகிறது என்று தெரிந்தவன் என்பதால் எழுதுகிறேன். அழைத்த யாரையும் அடையாளம் காட்டும் எதையும் இங்கே சொல்லவில்லை. பலரிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

ஆண்கள் நேராக விஷயத்துக்கு வருவதில்லை. தூக்கம் வரவில்லை என்பார்கள். குடி அதிகமாகிவிட்டது, மனைவி தொட்டாலே உடம்பு கூசுகிறது, பிள்ளையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன் என்பார்கள். "என் ஃபிரெண்டுக்கு ஒரு பிரச்சினை" என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு. அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தால், வெகுநேரம் கழித்தோ வேறொரு நாளோ, சிறுவயதில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், நெருங்கிய உறவினர், மேலதிகாரி என்று யாரோ ஒருவர் அந்தப் பேச்சுக்குள் வருவார். சிலருக்கு அது பெண்ணாகவும் இருக்கும். அதைச் சொல்வதற்குத்தான் இன்னும் தயங்குவார்கள், கேட்பவர் சிரித்துவிடுவாரோ என்று.

அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "என் உடம்பு அதற்கு இசைந்துவிட்டதே, அப்போ நானும் விரும்பினேன் என்றுதானே ஆகிறது?" இல்லை. ஆணுறுப்பு விறைப்பதும் விந்து வெளிப்படுவதும் தொடுதலாலும், சில நேரம் அச்சத்தாலும்கூடத் தானாக நடக்கக்கூடியவை. அவை சம்மதம் ஆகாது. இதை உயிரியல் பாடமாகத் தெளிவாகச் சொல்லும்போது, பல வருடம் தன்னையே குற்றவாளியாக வைத்திருந்த ஒருவர் அழத் தொடங்குவதைக் கேட்டிருக்கிறேன். "ஏன் திருப்பி அடிக்கவில்லை?" என்று தன்னையே கேட்டுக்கொள்பவர்களும் இப்படித்தான். பேராபத்தில் உடம்பு சண்டை போடும் அல்லது ஓடும் என்று நினைக்கிறோம், அசையவும் குரல் எழுப்பவும் முடியாமல் உறைந்தும் போகும். தோள் வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு பயம் எனக்கு மிகவும் வலிப்பது. சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர் பெரியவரானதும் அதையே செய்வார் என்று எங்கேயோ கேட்டுவிட்டு, பெற்ற குழந்தையைக் குளிப்பாட்டவே அஞ்சும் அப்பாக்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருபோதும் யாரிடமும் அப்படி நடந்துகொள்வதில்லை. இதை ஒரு ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்கலாம்.

நான்-பைனரி அழைப்பாளர்களின் அனுபவம் வேறு மாதிரி. ஆலோசனைக்குப் போன இடத்தில் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள். அதைத் தாண்டி உள்ளே போனால், நடந்த வன்முறையை விட்டுவிட்டு "எப்போதிலிருந்து இப்படி உணர்கிறீர்கள்?" என்று பாலின அடையாளத்தையே துருவுகிறார்கள், அந்த அடையாளமே வன்முறையின் விளைவு என்பதுபோல. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் பாலின முரண்பாடு (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் தான் உணரும் பாலினமும் பொருந்தாமல் இருப்பது) மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. ஆலோசகருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்ற ஒற்றை மிரட்டலை வைத்தே துணைவர் இவர்களைப் பல காலம் கட்டிப்போட முடியும். வெளியேற நினைத்தால் தங்குமிடங்களும் ஆண்களுக்கு, பெண்களுக்கு என்றே பிரிந்திருக்கின்றன.

சட்டங்களே தாமதமாகத்தான் கண் திறந்தன. இங்கிலாந்தில் ஆண்களும் வல்லுறவுக்கு ஆளாகலாம் என்று சட்டம் ஏற்றது 1994-இல். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வல்லுறவுக்கு ஆளாவோராகப் பெண்களை மட்டும் குறிப்பிட்ட தன் பழைய வரையறையை மாற்றுவதாக அறிவித்தது 2012-இல். அதே 2012-இல் வந்த இந்தியாவின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளையும் காக்கிறது. சட்டம் மெதுவாக நகரட்டும், ஆலோசனை மையம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் அறிவிப்புப் பலகையிலும் விளம்பரத்திலும் "எந்தப் பாலினத்தவரும் வரலாம்" என்று எழுதட்டும். எழுதாத வரை, வரலாமா என்று தயங்குகிறவர் வரமாட்டார். அப்புறம், எந்தப் பாலின ஆலோசகரிடம் பேச விருப்பம் என்று கேட்க வேண்டும். ஆண் என்றால் ஆணிடம்தான் பேசுவார் என்று நாமே முடிவு செய்யக் கூடாது, கொடுமை செய்தவர் ஆணாக இருந்திருக்கலாம். வந்தவரை முதல் நாளே முழுக் கதையும் சொல்லச் சொல்லி நெருக்கக் கூடாது. அதிர்ச்சியை மையமாக வைத்து எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல்-நடத்தை சிகிச்சையையும், கண்களை இருபுறமும் அசைக்கவைத்து அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே பரிந்துரைத்துவிட்டது. அவற்றில் முறையான பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். இன்னொன்று அவசரமானது. அண்மையில் வன்முறை நடந்திருந்தால், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வெட்கத்தில் ஒரு வாரம் ஒளிந்திருக்கும் ஆணுக்கு அந்த வாய்ப்பு போய்விடுகிறது. தொலைபேசியை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த 72 மணி நேரம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பெண்களுக்கான மையங்களுக்கே பணம் போதவில்லை, இதில் இவர்களுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். இன்று நம்மிடம் இருக்கும் ஆலோசனை முறைகளில் பெரும்பகுதியைப் போராடி உருவாக்கியவர்கள் பெண்கள். அவர்கள் பங்கிலிருந்து ஒரு பைசா எடுக்கக் கூடாது, பெண்கள் மட்டும் கூடும் இடங்கள் அப்படியே தொடர வேண்டும். இவர்களுக்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உதவி எண்களை வெளியிடும்போது, ஒவ்வொரு எண்ணையும் அழைத்து, "வளர்ந்த ஆண்களோடும் நான்-பைனரி ஆட்களோடும் பேசுவீர்களா?" என்று உங்கள் நிருபர் கேட்கட்டும். ஆம் என்பவர்களின் எண்ணுக்குப் பக்கத்திலேயே அதை அச்சிடுங்கள். இல்லை என்பவர்களிடம் ஏன் என்று கேட்டு அந்தப் பதிலையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தொலைபேசி ஆலோசனைத் தன்னார்வலர் ஒருவர்
(பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இணைத்துள்ளேன், வெளியிட வேண்டாம்.)