விழுவது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் எம்.எம்.ஏ. பற்றிய, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து வலைக்கூண்டுக்குள் போடும் சண்டை பற்றிய கட்டுரை படித்தேன். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில் ஜியு-ஜிட்சு என்ற தரைப்பிடிக் கலை வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை மடக்கியதை நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஒற்றைக் கையில் மட்டும் கிளவுஸ் மாட்டி வந்த பாக்சர் ஆர்ட் ஜிம்மர்சனை விட்டுவிட்டீர்களே! கிரேசி மேலே ஏறி உட்கார்ந்ததும் மனுஷன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆனால் 'அதன்பின் எல்லாரும் எல்லாக் கலையும் கற்றார்கள்' என்று ஒரே வரியில் தாண்டியதுதான் எனக்கு உறுத்துகிறது. கிரேசிக்குப் பின் மல்யுத்தக்காரர்கள் காலம். எதிராளியைத் தள்ளி, மேலே அழுத்திக்கொண்டே குத்துவார்கள். 1996இல் மார்க் கோல்மன் இப்படியே இரண்டு தொடர்களை வென்றார். அவரை 1997 ஜூலையில் வீழ்த்தியவர் மாரிஸ் ஸ்மித் என்ற கிக்பாக்சர். அப்போது தலையால் முட்டவும் தடையில்லை. கீழே கிடந்த ஸ்மித் அடியைத் தாங்கினார், கோல்மனுக்கு மூச்சு வாங்கும்வரை பொறுத்தார், எழுந்து கோல்மனின் காலில் உதைத்தார். 21 நிமிடம் போன சண்டையில் தீர்ப்பு ஸ்மித்துக்கே. உதைக்காரன் உதையை மாற்றவில்லை. தரையில் தாக்குப்பிடிக்கவும் எழவும் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். பிற்பாடு யு.எஃப்.சி. வீரர் சக் லிடெல், தான் படித்த மல்யுத்தத்தை எதிராளியைத் தள்ளுவதைவிடத் தான் விழாமலிருக்கவே அதிகம் பயன்படுத்தினார்.

எனக்கு இது சொந்த விஷயம். 26 வருடம் பள்ளியில் ஜூடோ சொல்லிக்கொடுத்தேன். முதுகு பலமாகப் பாயில் பட்டால் இப்போன், ஆட்டம் முடிந்தது. அதனால் அடிபடாமல் விழுவதைத்தான் முதல் மாதம் முழுக்கப் பழக்குவேன். மேலே ஒருவன் அமுக்கிக் குத்தும்போது எழுவதைப் பற்றி யோசித்ததே இல்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவன் சென்னையில் எம்.எம்.ஏ. பழகுகிறான். பொங்கலுக்கு வந்தபோது, "கூண்டு வலையில முதுகை அண்டக் குடுத்து எழுந்திரிக்கணும் சார்" என்றான். வீட்டில் கூண்டுக்கு எங்கே போவது? கூடத்துச் சுவரில் செய்து காட்டினான். காலண்டர் ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. நானும் முயன்றேன், முட்டி ஒத்துழைக்கவில்லை.

அடுத்த கட்டுரையில் ஸ்மித்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தஞ்சாவூர்.