ஊழியர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு எங்கள் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது ஒரே விஷயம்தான்: பல மொழி, பல மதம், பல வயதுக்காரர்கள் சேர்ந்து வேலை பார்க்கும் இடத்தில் ஒருவரோடு ஒருவர் பேசும் விதம்.

தொடக்கம் ஒரு ‘சரி’. வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். புதிதாகச் சேர்ந்த தம்பி ‘சரி சார்’ என்றார். வேலை முடியவில்லை. ‘ஒத்துக்கொண்டுவிட்டு ஏமாற்றிவிட்டார்’ என்று இவர். ‘காதில் விழுந்தது என்றுதான் சொன்னேன், பெரியவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?’ என்று அவர். உட்கார வைத்துப் பேசியதில், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இலேயே இந்த வேறுபாட்டை எழுதியிருக்கிறார்: சிலர் வளர்ந்த சூழலில் சேதி முழுக்கச் சொல்லிலேயே இருக்கும், வேறு சிலருக்குப் பாதி சேதி தயக்கத்திலும் மௌனத்திலும் இருக்கும். அதன்பிறகு ‘புரிந்ததா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இதில் எது இடிக்கும்? எத்தனை நாள் வேண்டும்?’ என்று கேட்கச் சொன்னோம். இதற்கு வெறும் ‘சரி’ பதிலாகாது.

அப்புறம், பெயர். ஒரு சகோதரியின் பெயர் வாயில் நுழையவில்லை என்று எல்லோரும் சுருக்கிக் கூப்பிட்டோம். அவரும் சிரித்துக்கொண்டே இருந்தார். உறுப்பினர் பட்டியலைத் திருத்தும்போதுதான், ‘முழுசாகப் போடுங்கள், அது என் பாட்டி பெயர்’ என்றார் மெதுவாக. அவரிடமே சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொண்டேன்.

உச்சரிப்பைக் கேலி செய்ததாக வந்த புகாரில், ‘ஒரே ஒரு தடவைதானே’ என்ற பேச்சு எழுந்தது. வேலையிடத்தில் நடக்கும் வன்முறை, துன்புறுத்தல் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கையைப் படித்துக் காட்டினோம். மனத்துக்குத் தீங்கு செய்யும் நடத்தை ஒரு தடவை நடந்தாலும் அதன் வரம்புக்குள் வரும். வேலை தொடர்பாகச் செல்பேசியில் அனுப்பும் செய்திகளும் அடக்கம். கேலி செய்தவர் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டார். எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்று பாதிக்கப்பட்டவரே கேட்டிருந்தார்.

இரவுப் பணியில் இருப்பவர்களிடம் இந்த முயற்சி இன்னும் போய்ச் சேரவில்லை. எல்லாக் கூட்டத்தையும் பகலிலேயே வைத்தது எங்கள் தவறு. வரும் ஆண்டில் பணி மாறும் நேரத்தில் கூட்டம் வைக்கவும், அறிவிப்புகளை உறுப்பினர்கள் பேசும் எல்லா மொழிகளிலும் ஒட்டவும் பொதுக்குழுவின் அனுமதி கோருகிறேன். அறிக்கையை ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்