ஆறு மணிக்குத் திரை இருண்டிருந்த வரை

அன்புள்ள முருகேசா,

நாடகப் பிரதி நேற்றுத் தபாலில் வந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன். லண்டன் குடும்பம், சனிக்கிழமை சாயங்காலம், முன்னறையில் டெலிவிஷன். களம் அருமை. தேதியை 1957 பிப்ரவரி 16 என்று வைத்திருக்கிறாய். என்ன ஆனாலும் அதை மாற்றிவிடாதே. முந்தைய வாரம் வரை மாலை 6 முதல் 7 வரை திரையில் ஒன்றுமே கிடையாது. குழந்தைகளைத் தூங்க அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று வைத்திருந்த கட்டாய இடைவெளி அது. பிபிசிக்கும், விளம்பரத்தால் ஓடிய தனியார் சேனலான ஐடிவிக்கும் ஒன்றுபோலப் பொருந்தியது. அது நீங்கிய முதல் நாள் இந்தச் சனிக்கிழமைதான். 6.05-க்கு பிபிசியில் ‘சிக்ஸ்-ஃபைவ் ஸ்பெஷல்’ என்று இளைஞர்களுக்கான பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. குழந்தையைக் குளிப்பாட்டிப் படுக்கவைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் கித்தார் சத்தம்! இத்தனை பெரிய விஷயத்தை நீ ஒரு வரியில் தாண்டிப்போகிறாய். உன் இரண்டாம் காட்சியே அதுதான் என்பேன்.

இனித் திருத்தங்கள். அம்மா பொத்தானை அழுத்தியதும் படம் வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். வராது. உள்ளே இருப்பவை வால்வுகள், அதாவது இழை சூடானால்தான் வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்கள்; சூடேற வேண்டும். முதலில் சத்தம் வரும், அப்புறம்தான் திரை மெல்ல வெளுக்கும். பெரும்பாலான பெட்டிகளில் வால்வு இழைகளெல்லாம் நம்மூர் சீரியல் லைட் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஓர் இழை அறுந்தால் மொத்தமும் அணைந்துவிடும். பெட்டி நடுவில் சாக வேண்டுமானால் இந்தக் காரணம் போதும், புகையெல்லாம் வேண்டாம்.

அப்பா சேனல் மாற்றும் இடத்தைக் கொஞ்சம் நீட்டு. குமிழ் ‘கடக்’ என்று விழும், ஆனால் வேலை அதோடு முடியாது. அதைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகி நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும். கொஞ்சம் தப்பினால் ஒலி படத்துக்குள் கசிந்துவிடும். அறிவிப்பாளர் பேசப் பேச, அவர் குரலுக்கேற்பக் குறுக்குப் பட்டைகள் திரையில் துடிக்கும். அவை மறையும் இடத்தில் கையை எடுக்க வேண்டும். பெட்டி சூடேறியதும் அந்த இடமும் நகர்ந்துவிடும், மறுபடி எழுந்துபோக வேண்டும். படம் மேலும் கீழும் உருண்டால் ‘ஃப்ரேம் ஹோல்ட்’ குமிழ். தூர்தர்ஷன் காலத்தில் நாம் வெர்டிகல் ஹோல்ட் என்று திருகினோமே, அதேதான்.

கூரையில் ஒரே ஆன்டெனா போதாது. பிபிசி 45 மெகாஹெர்ட்ஸ், அதற்குப் பத்தடி உயரக் கம்பிகள். ஐடிவி ஒன்பதாம் சேனலில், ஏறக்குறைய 195-இல் வந்தது. அதற்கு இரண்டரை அடிக் கம்பிகள் தனியாக வேண்டும். பெட்டி ஐடிவி தொடங்கிய 1955-க்கு முன் வாங்கியதென்றால், அதோடு ஐடிவி அலையைப் பழைய பெட்டிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் கன்வெர்ட்டர் பெட்டி ஒன்றும் இணைத்திருக்க வேண்டும்.

தெருவில் கார் போகும்போது திரை கறுப்பாக மின்னுவதாக எழுதியிருக்கிறாய். அன்றைய பிரிட்டிஷ் டெலிவிஷன் ஒவ்வொரு படத்தையும் 405 கிடைவரிகளாக அனுப்பியது; அந்த 405 வரி முறையில் அலை வலுத்தால் வெளிச்சம் கூடும். ஆகவே ஸ்பார்க் பிளக்கின் இரைச்சல் வெள்ளைப் பொரியாகத்தான் சிதறும். நாடக ஒலிக்கு உதவும் இன்னொன்று: 405 வரிகளை நொடிக்கு வரும் 25 படங்களால் பெருக்கு, நொடிக்கு 10,125. பெட்டி ஓடும்வரை அந்த அதிர்வெண்ணில் மெல்லிய கீச்சொலி கேட்டுக்கொண்டே இருக்கும். பேரனுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காமல் போகலாம். அதை வைத்து நீ ஒரு நல்ல உரையாடல் எழுதலாம்.

கால்பந்து முடிவுகளை ‘கிராண்ட்ஸ்டாண்ட்’ நிகழ்ச்சியில் பார்ப்பதாக வைத்திருக்கிறாய். அது 1958 அக்டோபரில்தான் வந்தது. அப்பா பூல்ஸ் சீட்டை (கால்பந்து முடிவுகளை ஊகித்துப் பணம் கட்டும் பந்தயச் சீட்டு) சரிபார்க்க வானொலியை வைத்துவிடு. டெலிவிஷன் வைத்திருக்க ஆண்டுதோறும் கட்டும் லைசென்ஸ் கட்டணமும் நான்கு பவுண்டு இல்லை, அன்றைக்கு மூன்றுதான். பிப்ரவரிக்குப் பிறகே உயர்ந்தது.

கடைசிக் காட்சியில் தேசிய கீதம் முடிந்து பெட்டியை அணைக்கிறார்கள். விளக்கை உடனே மங்கவிடாதே. படத்தை விரித்துப் பிடிக்கும் சுற்று முதலில் நின்றுவிடும். பிக்சர் டியூபில் சூடும் மின்னேற்றமும் இன்னும் மிச்சமிருக்கும். அதனால் மொத்த வெளிச்சமும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கிக் கொஞ்ச நேரம் நிற்கும். அந்தப் புள்ளி மறைந்த பிறகு மேடையை இருட்டாக்கு.

ஒத்திகை எப்போது என்று எழுது.

அன்புடன்,
சேகர்