நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு

கேம்பஸ் தேர்வுக்காக எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வரும் தேர்வாளர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பிளேஸ்மென்ட் வேலையும் என் பொறுப்புதான். நீங்கள் உள்ளே நேர்காணல் நடத்தும்போது, கதவுக்கு வெளியே பிள்ளைகளோடு நிற்பவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன். அரூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமம். ஆப்டிட்யூட், கோடிங் இரண்டிலும் அந்த வருடம் எங்கள் கல்லூரியில் அவன்தான் முதல். அறைக்குள் போனவன் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். பிறகு தேர்வாளர் என்னிடம் சொன்னார்: "கண்ணைப் பார்த்தே பேச மாட்டேங்கிறான் சார். கான்ஃபிடன்ஸ் இல்லை."

அவன் வீட்டில் பெரியவர்கள் பேசும்போது முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு நிற்பது திமிர். உட்காரச் சொல்லும்வரை உட்காரக் கூடாது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், தன் பெருமையைத் தானே பேசுவது அழகல்ல. இருபது வருடம் இப்படி வளர்ந்த பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் அவன் என்ன செய்வான்? தலையைக் குனிந்து அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் சொன்னான். அன்று அவன் உங்களுக்குக் கொடுத்தது மரியாதை. நீங்கள் வளர்ந்த இடத்தில் கண்ணைப் பார்த்துப் பேசுவதுதான் நேர்மையின் அடையாளம் என்பதால், உங்கள் தாளில் அது தைரியமின்மையாகப் பதிவானது.

உங்களை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நேரம் தவறாமை எனக்கு உயிர். முதல் வாரத்திலேயே மூன்று நாள் தாமதமாக வந்த ஒரு மாணவனைச் சோம்பேறி என்று முடிவுகட்டி, ஒரு செமஸ்டர் முழுக்க அப்படியே நடத்தினேன். விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அப்புறம் பஸ் பிடித்து வருகிறான் என்று பிறகுதான் தெரிந்தது. வகுப்பிலேயே அதிகம் உழைத்தவன் அவன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த செமஸ்டர் அவனுக்குத் திரும்ப வரவில்லை.

முதல் பார்வையின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதை 1946-இலேயே சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். ஒருவரைப் பற்றி 'புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர்' என்று ஒரு குழுவுக்கு வாசித்தார். இன்னொரு குழுவுக்கு இதே ஆறு சொற்களைத் தலைகீழாக, பொறாமையில் தொடங்கி வாசித்தார். முதல் குழுவுக்கு அவர் சில குறைகள் உள்ள திறமைசாலி. இரண்டாவது குழுவில் பலருக்கு அவருடைய குறைகளே பெரிதாகத் தெரிந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டோடரோவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருகிறது. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே மக்கள் எடைபோட்டுவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது கணிப்பு பெரிதாக மாறவில்லை, அதன்மேல் அவர்களுக்கிருந்த உறுதிதான் கூடியது. அப்படியானால் எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் மிச்ச ஒன்பது நிமிடம் எதற்குப் போகிறது?

மனத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை, அது யாராலும் உடனே ஆகாது. முறையை மாற்றலாம். அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் 1970, 80-களில் ஆள் எடுக்கும்போது, யார் என்று தெரியாதபடி வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் இடையே திரை கட்டி வாசிக்கச் சொன்னார்கள். சில இடங்களில் காலணிச் சத்தம்கூடக் கேட்காதபடி தரையில் கம்பளம் விரித்தார்கள். நம்மால் திரை கட்ட முடியாது, சரி. ஆனால் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கலாம். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போடலாம், அதுவும் பக்கத்தில் இருப்பவரிடம் கலந்து பேசுவதற்கு முன்பு. டெக்னிக்கல் கேள்வியில் பையன் திணறினால், "தமிழில் சொல்லுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் உங்கள் வேலைக்குத் தேவைதான், மறுக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் போடுங்கள், புரோகிராமிங் மதிப்பெண்ணில் அதைச் சேர்க்காதீர்கள்.

'கான்ஃபிடன்ஸ் இல்லை' என்று எழுதுவதற்கு முன், அந்தப் பிள்ளை என்ன செய்ததால் அப்படித் தோன்றியது என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். 'கண்ணைப் பார்க்கவில்லை' என்பது மட்டும்தான் அந்த வரி என்றால், கதவைத் திறந்து என்னைக் கூப்பிடுங்கள். வெளியேதான் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்