இளையோர் ஹொக்கிக்கு 68 ஆட்டங்கள் மிகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவின் பனி ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸின் தோல்விகளைத் தங்கள் விளையாட்டுப் பக்கம் ஒன்று விடாமல் எழுதுகிறது (அவற்றுக்கு என்றும் பஞ்சமில்லை). இளையோருக்கான ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் ஆடும் பிள்ளைகளின் ஆட்ட அட்டவணையைப் பற்றியும் எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

பதினாறு முதல் இருபது வயது வரையுள்ளோர் ஆடும் இந்த லீக்கின் 20 அணிகளும், செப்டெம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை தலா 68 ஆட்டங்கள் ஆடுகின்றன. அதன்பின் 16 அணிகள், நான்கு வெற்றிகளை முதலில் எட்டும் தொடர்களாக, நான்கு சுற்றுகள் ஆட வேண்டும். 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் இறுதிச் சுற்றில் ஒன்ராறியோவின் லண்டன் நகர அணியான நைட்ஸிடம் தோற்ற எங்கள் ஒஷாவா ஜெனரல்ஸ் மே மாதம் வரை களத்தில் இருந்தது.

கடந்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் மகனோடு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். வந்திருந்த அணிக்கு அது மூன்று நாட்களில் மூன்றாவது ஆட்டம். கடைசிப் பகுதியில், மாற்றாட்டக்காரர் வாங்கில் வந்து அமர்ந்த ஒரு பையன் தலையை முன்தடுப்பில் சாய்த்தவன், பயிற்றுநர் தோளில் தட்டிய பிறகே நிமிர்ந்தான். வெளியே பின்வாசலில் பேருந்து இயந்திரம் அணைக்கப்படாமல் காத்து நின்றது. ஒருவன் பீற்சாவைக் கடித்தபடி ஏறினான், அவனுக்குப் பின்னால் வந்தவனின் தோளில் பள்ளிப் பை. ஒஷாவாவிலிருந்து, இதே லீக்கின் இன்னோர் அணி இருக்கும் சூ செயின்ற் மரீ நகருக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநகர அணிகள் நுழைவுச்சீட்டுப் பணத்தை நம்பியிருப்பதால், சொந்த அரங்கில் நடக்கும் 34 ஆட்டங்களைக் குறைக்க அவை தயங்குவது புரிகிறது. ஆனால் கியூபெக்கின் இளையோர் லீக் 64 ஆட்டங்களாகக் குறைத்துக்கொண்டது. அத்துடன், 2025 ஆகஸ்ட் முதல் இந்த லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் சேரலாம். அங்கே பெரும்பாலும் வெள்ளியும் சனியும் மட்டுமே ஆட்டம், மொத்தமும் இங்குள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். படிப்பையும் எண்ணும் பெற்றோர் இனி எந்தப் பக்கம் பார்ப்பார்கள்?

அடுத்த பருவத்துக்கான அட்டவணை வெளியாகும் முன், தொடர்ந்து மூன்று நாட்கள் ஆடவைப்பதையேனும் கைவிட முடியுமா என்று லீக் நிர்வாகத்திடம் தங்கள் செய்தியாளர் கேட்டு எழுத வேண்டும்.

இங்ஙனம்,
ஒஷாவா வாசகர் ஒருவர்