கோலை வெளியில் எடு, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே யாழ்ப்பாணத்தில் எல்லாரும் சுகம். நேற்றிரவு நீ கனடாவிலிருந்து போனில் கதைத்ததை அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தா. விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது, பிறகு வெளிக்கும்வரை கந்தோர் வேலைதான் தலைக்குள் ஓடுகிறது என்றாய். வைக்கப்போகிற நேரத்தில், "அந்த ஃபிளைக் கோல் இன்னும் அலுமாரிக்குப் பின்னால்தான் கிடக்குது அப்பா" என்றும் சொன்னாய். அந்த ஒரு வசனத்துக்குத்தான், ஃபிளை என்கிற பொய்ப் பூச்சியை வீசி மீன் பிடிக்கிற அந்தக் கோலைத் திரும்ப எடுக்கச் சொல்லித்தான், இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி மறந்துபோவாய். கடிதம் என்றால் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

மாசியில் நீ இங்கே வரமுதல் கோலை ஒருக்கால் வடிவாய்ப் பார்த்துவிடு. முதலில் வளையங்கள். சின்னத் துண்டு பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளாலும் மெதுவாய் இழு. எந்த வளையத்தில் பஞ்சின் இழை மாட்டுகிறதோ அந்த வளையத்தில் வெடிப்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புத்தான் லைனின் (வீசுகிற தடித்த நூலின்) மேற்பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சீவி எடுக்கும். அப்படி இருந்தால் அந்த வளையத்தை மாற்றிக்கொள். பிறகு நான்கு துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று போகிற இடங்கள். உள்ளே போகிற நுனியில் மெழுகுதிரியை லேசாய்த் தேய். பூட்டும்போது துணை வளையங்கள் நேராய் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார். ஈரத்தோடு குழாய்க்குள் போட்டு வைத்திருந்தால் துண்டுகள் இறுகிப்போயிருக்கும், அவதிப்பட்டு முறுக்காதே.

ஆறு வருஷம் ரீலில் சுற்றிக் கிடந்த லைன் ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு வரும். ஒரு தாச்சியில் இளஞ்சூட்டுத் தண்ணியும் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் சில துளியும் விட்டு, கால் மணித்தியாலம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் துடைத்தெடு. கொதிதண்ணி கூடாது, மேற்பூச்சு கெட்டுப்போகும். பிறகு ஒரு முழம் ஒரு முழமாய் இரண்டு கையாலும் மெதுவாய் இழுத்து நேராக்கு. விரலுக்குச் சொரசொரப்பாய்ப் படுகிற இடம் வெடித்த இடம். அது முன்பக்கம் 10 மீட்டருக்குள் இருந்தால் புது லைன் வாங்கத்தான் வேண்டும். லீடரையும் (லைனின் நுனியில் கட்டுகிற மெல்லிய நைலோன் நூல்) அதன் நுனித் தங்கூசியையும் பார்க்கவே வேண்டாம், எறிந்துவிடு. பழைய நைலோன் வெளியில் நல்லாய்த்தான் இருக்கும், முடிச்சில் அறும். ஒன்பது அடி லீடர் புதிதாய்ப் போடு.

இதை எல்லாம் ஏன் இவ்வளவு விரிவாய் எழுதுகிறேன் என்றால், உன்னுடைய தலைக்கு ஆறுதல் தரப்போகிறது மீன் இல்லை, வீச்சுத்தான். சாதாரணத் தூண்டிலில் ஈயம் தன் பாரத்தில் பறந்துபோகும், கை அதை எறிந்தால் காணும். ஃபிளைக்குப் பாரமே இல்லை, மயிரும் இறகும் நூலும்தான். பாரம் முழுக்க லைனில் இருக்கிறது. உன்னுடைய 5 எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய 9 கிராம். அந்த 9 கிராமும் உன் முதுகுக்குப் பின்னால் முழுக்க விரிந்து, கோலை ஒரு தரம் இழுத்த பிறகுதான் முன்னால் தள்ள முடியும். அதற்குமுன் தள்ளினால் சவுக்கடி மாதிரி ஒரு சத்தம் கேட்கும், நுனியில் ஃபிளை இருக்காது. யோசனை வேறு எங்கேயாவது போனால் முதலில் கெடுவது இந்தப் பின்வீச்சுத்தான். கெட்டதும் கையே உனக்குச் சொல்லிவிடும். எவ்வளவு கெட்டிக்காரியாய் இருந்தாலும் அந்த ஒரு நொடியைச் சுருக்க முடியாது, வேறு ஒன்றால் நிரப்பவும் முடியாது. கந்தோரில் உனக்கு இல்லாமல்போனது அந்த நொடிதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே வந்த உடனே கடலுக்கு ஓடவேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் முற்றவெளி மைதானத்தில் வீசிப் பழகு. காலமை ஆறு மணிக்குப் புல்லில் பனி இருக்கும், லைன் வழுக்கிக்கொண்டு போகும். கோயில் வீதி விசாலம்தான், ஆனால் மணல் லைனை அராவும். அரிவு வெட்டின வயலில் தாள் மாட்டும். கரண்ட் கம்பிக்குக் கிட்ட எங்கேயும் நிற்காதே. கார்பன் கோலுக்குள்ளால் மின்சாரம் பாயும்.

கொக்கி வேண்டாம், நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு அங்குலம் கட்டு. கோலின் நுனிக்கு வெளியே 9 மீட்டர் விடு. பெருவிரல் கைப்பிடியின் மேல் இருக்கட்டும். நுனியைத் தரைக்குக் கிட்டப் பிடித்து, தொய்வை எடுத்து, மெதுவாய்த் தொடங்கி வேகத்தைக் கூட்டி, காதுக்குச் சற்றுப் பின்னால் கோல் வந்ததும் சட்டென்று நிறுத்து. நிறுத்துகிற இடத்தில்தான் கோல் தன் வளைவை லைனுக்குக் கொடுக்கும். தலையைத் திருப்பி லைன் விரிகிறதைப் பார், கழுத்து நொந்தாலும் முதல் நாள் அப்படித்தான் பழகவேண்டும். விரிந்து முடிகிற நேரத்தில் முன்னால் கொண்டுவந்து மறுபடி நிறுத்து.

பிழைகள் இரண்டுதான் உனக்கு வரும், முந்தியும் அவைதான் வந்தன. ஒன்று, மணிக்கட்டு மடிந்து கோல் பின்னால் கன தூரம் சாய்வது. காற்றில் லைன் மடிகிற வளைவு அகலமாகித் தொப்பென்று விழும். கோலின் அடிக்கட்டையைச் சட்டைக் கையோடு இறப்பர் பட்டியால் சேர்த்துக் கட்டு, மடிக்கவே முடியாது. மற்றது, முன்வீச்சின் தொடக்கத்திலேயே பலத்தை முழுக்கப் போடுவது. அந்த வளைவின் மேல்பக்க லைன் கீழ்ப்பக்க லைனை வெட்டிக்கொண்டு போய்த் தங்கூசியில் ஒரு சின்ன முடிச்சு விழும். காற்றுப் போட்ட முடிச்சு என்று சொல்லுவார்கள், உண்மையில் கை போட்ட முடிச்சு. அந்த முடிச்சோடு தங்கூசியின் பலம் ஏறக்குறைய அரைவாசியாகிவிடும், எனவே பத்து வீச்சுக்கு ஒருக்கால் விரலால் தடவிப் பார். இருபது நிமிஷத்துக்கு மேல் வீசாதே. முன்னங்கை களைத்தபிறகு பழகுவது பிழையைத்தான்.

கடலுக்குப் போகிற கதை இனி. பண்ணைப் பாலத்து ரோட்டில் நின்று வீசக்கூடாது. தூண்டில்காரர் நிற்கிறார்கள்தான், அவர்களுக்குப் பின்வீச்சு இல்லை. உன்னுடைய கொக்கி பின்னால் 9 மீட்டருக்கு மேல் போகும், அங்கே மோட்டார் சைக்கிள் ஓடும். மண்டைதீவுப் பக்கத்திலோ, சாட்டிப் பக்கத்திலோ, கசூரினா கடற்கரையின் ஆளில்லாத மூலையிலோ முழங்காலளவு தண்ணியில் இறங்கு. சவுக்கு மரத்துக்கு முன்னால் நின்றால் ஃபிளை எல்லாம் மரத்துக்குத்தான் போகும்.

மாசி பங்குனியில் வாடைக்காற்று ஓய்ந்துவிடும், சோளகம் (தென்மேல் காற்று) தொடங்க நாளிருக்கும். அப்படியிருந்தும் எட்டரை மணிக்குமேல் கடற்காற்று எழும்பும், அதற்குள் வீசி முடி. வலக்கைக்காரிக்குக் காற்று இடப்பக்கத்தால் வருவது நல்லது. வலப்பக்கத்தால் வந்தால் லைனை உன் முகத்துக்கே கொண்டுவரும். அந்த நேரம் கடலுக்கு முதுகு காட்டி நின்று, பின்வீச்சாலேயே ஃபிளையை விடு. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு வீச்சுக்கூட வேண்டாம்.

இங்கத்தைய ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் பரவைக்கடல் ஆழமில்லாதபடியால் அந்தக் கொஞ்சமே கனக்க மாற்றும். அமாவாசை, பறுவத்துக்குக் கிட்டின நாட்களில் நீரோட்டம் கூட, சின்ன மீன் ஒதுங்கும், பாரை அதற்குப் பின்னால் வரும். துள்ளிக்கொண்டு திரிகிற மீனைக் கண்டு ஆசைப்படாதே, அநேகமாய் அது திரளி. திரளி பாசி மேய்கிற மீன், ஃபிளையைத் திரும்பியும் பாராது. மேலே முரல், இடையில் சின்னப் பாரை, கண்டல் ஓரத்திலும் பாலத்தடியிலும் கொடுவா. சீலாவும் பேத்தையும் தங்கூசியைக் கத்திரித்துவிடும். சீலா நிற்கிற இடம் என்று தெரிந்தால் நுனியில் நான்கு அங்குலம் மெல்லிய கம்பி போடு. கொடுவாவுக்குச் செவுள் மூடியின் ஓரம் கத்தி, 30 இறாத்தல் தாங்குகிற தங்கூசி ஒரு முழம் வேண்டும்.

உண்மையைச் சொன்னால் கொடுவாவுக்கு 8 எண் கோல்தான் சரி. சிநேகிதர் யாரிடமும் இரவல் கிடைத்தால் கொண்டுவா, புதிதாய் வாங்கிக் கடன் அட்டையை நிரப்பாதே. 5 எண்ணோடு வந்தால் முரலும் சின்னப் பாரையும் காணும். குளிர்நாட்டு லைன் இங்கத்தைய வெயிலில் பிசுபிசுவென்று தொய்ந்துபோகும், வெப்பநாட்டு லைன் ஒன்று மட்டும் வாங்கலாம். ஃபிளை என்றால் கிளவுசர் மினோ, வெள்ளையும் இளம்பச்சையும். பொப் கிளவுசர் 1987இல் கட்டினது. கொக்கியின் தண்டில் பாரக் கண்கள் இருக்கிறபடியால் அது தலைகீழாய் நீந்தும், கொக்கி நுனி மேலே பார்க்கும், கடற்புல்லில் மாட்டாது. 5 எண் கோலுக்கு 6ஆம் இலக்கக் கொக்கி, 8க்கு 2ஆம் இலக்கக் கொக்கி. கொக்கியின் பின்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடு. மீனுக்கும் நல்லது, உன் காதில் ஏறினாலும் சுகமாய்க் கழரும்.

மீன் கடித்தால் ஆற்றில் செய்கிற மாதிரிக் கோலை உயர்த்தாதே. கோல் நுனி தண்ணியைப் பார்த்தபடி இருக்க, இடக்கையால் லைனை நீளமாய் ஒரு இழு. பிடிபடாவிட்டாலும் ஃபிளை அங்கேயே நிற்கும், மீன் மறுபடி வரும்.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் அரைத்து அரைத்துப் போ. திருக்கை படுத்திருந்தால் அசைவு பட்டு விலகும், மிதித்தால்தான் குத்தும். திருக்கையோ கெளிறோ குத்தினால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணியில், 45 பாகைக்கு மேற்படாமல், குத்தின இடத்தை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வா. அந்த நஞ்சு சூட்டில் அடங்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள், குத்துப்பட்ட இடத்துக்கு உணர்வு தெரியாது.

களங்கண்டி (கம்பு நட்டுக் கட்டுகிற மீன் வலை) கட்டியிருக்கிற இடத்தில் நூறு மீட்டர் தள்ளி நில். கொக்கி மாட்டி வலை கிழிந்தால் அது ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு. கரையில் வள்ளம் இழுக்கிறவர்களிடம் "ஐயா, இதிலே நின்று தூண்டில் போடலாமா" என்று கேள். எங்கே சேறு, எங்கே கண்ணாடி ஓடு என்று அவர்களே சொல்லுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரீலின் பிரேக்கை இறுக்கிவிட்டு, கிணற்றுத் தண்ணியை மெதுவாய் ஊற்றிக் கழுவு. பைப்பால் அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். கழுவினபிறகு பிரேக்கைத் தளர்த்தி நிழலில் காயவிடு. தீவுப் பக்கத்துக் கிணறுகள் கனக்க உவர், வீட்டுக்குக் கொண்டுவந்தே கழுவு.

திரும்பிப் போனதும் விட்டுவிடாதே. ஒன்ராறியோவின் தெற்கில் ட்ரவுட் மீன் பிடிக்கிற பெரும்பாலான ஆறுகள் ஏப்பிரல் நான்காம் சனிக்கிழமை திறக்கும். மீன் பிடிக்க வேண்டிய உன்னுடைய அவுட்டோர்ஸ் கார்ட் 3 வருஷத்துக்குத்தான், இப்போதே புதுப்பி. ஃபேர்கஸ் பக்கம் கிராண்ட் ஆறு நல்லது, ஷான்ட் அணைக்குக் கீழே பிரவுண் ட்ரவுட் இருக்கிறது. அந்த நேரத்துக் குளிர்தண்ணியில் மீன் அடியில்தான் நிற்கும், 14ஆம் 16ஆம் இலக்க நிம்ஃபை (தண்ணிக்குள் அமிழ்கிற பூச்சி மாதிரி ஃபிளை) ஆழத்தின் ஒன்றரை மடங்கு நீளத்தில் மிதவைக்குக் கீழே விடு. வேடரின் (ஆற்றுக்குள் இறங்கப் போடுகிற, தண்ணி புகாத காற்சட்டை) இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டு. விழுந்தால் தண்ணி உள்ளே நிரம்பாமல் காப்பது அதுதான். தனியாய்ப் போகாதே.

ஒன்று மட்டும் கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன். நித்திரை இல்லாதது இன்னும் இரண்டு மூன்று கிழமை நீடித்தால் டொக்டரைப் பார். கோலையும் வைத்துக்கொள், டொக்டரையும் பார்.

கொக்கிகளையும் குறட்டையும் பெரிய பெட்டிக்குள் போடு, கைப்பையில் வந்தால் விமான நிலையத்தில் பறித்துவிடவும் கூடும். ரீல் கைப்பையில் வரட்டும். கோல் குழாய் 80 சென்ரிமீட்டர் அளவில் இருக்கும், பெட்டிக்குள் மூலைக்கு மூலை வைத்துப் பார். வருகிற திகதியை எழுது, அந்தக் கிழமை பறுவம் எப்போது என்று பஞ்சாங்கத்தில் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்
அப்பா